குரூப்ல பாடம் இருக்கு... கேள்வி எங்கே பாஸ்?



இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, மார்க் கிடையாது! போனை எடுங்க. வாட்ஸ்அப்பைத் திறங்க. உங்க காலேஜ் சம்பந்தப்பட்ட குரூப் மொத்தம் எத்தனைன்னு எண்ணுங்க.

‘செகண்ட் இயர் கெமிஸ்ட்ரி அஃபீஷியல்’ ஒண்ணு. அதே ஆளுங்க, ஆனா சார் மட்டும் இல்லாத ‘அன்அஃபீஷியல்’ ஒண்ணு. லேப் பேட்சுக்கு ஒண்ணு, அலைடு பேப்பருக்கு ஒண்ணு, பஸ்சுக்கு ஒண்ணு. யாரோட பர்த்டேவுக்கோ ஆரம்பிச்சு, கேக் தீர்ந்த பிறகும் கலைக்காம விட்ட குரூப் ஒண்ணு. எப்படியும் ஏழெட்டு தேறும்.

இப்ப ரெண்டாவது கேள்வி. அந்த ‘அஃபீஷியல்’ குரூப்புக்குள்ள போங்க. கடைசியா வந்த ஐம்பது மெசேஜைப் பாருங்க. ஃபீஸ் கட்டக் கடைசி தேதி, ஹால் டிக்கெட், நாலு பி.டி.எஃப்., ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங், அதுக்குக் கீழே வரிசையா ‘ஓகே சார்’, ‘நோட்டட் மேம்’, ‘தேங்க்யூ சார்’, கும்பிடு போடுற கை...

மூணாவது கேள்விதான் முக்கியம். அந்த ஐம்பதில், பாடத்தைப் பற்றி ஒரு மாணவர் கேட்ட கேள்வி எத்தனை?

எனக்குத் தெரிஞ்ச பல குரூப்களில் பதில்... முட்டை!

இதைப் பற்றி எழுதணும்னு தோணினது ஒரு பஸ் பயணத்தில்.

அட்மின் மட்டும்தான்ணா போட முடியும்!

போன மாசம் ஒரு சாயங்காலம். வானூரில் ஒரு வேலையை முடிச்சுட்டு பஸ்சுக்கு நின்னுட்டு இருந்தேன். பக்கத்தில் கல்லூரிப் பை மாட்டின ஒரு பொண்ணு. பஸ் வழக்கம்போல லேட். பேச்சு தானா ஆரம்பிச்சது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ரெண்டாம் வருஷம். வீடு மரக்காணம் பக்கம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தினமும் ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. எந்தக் காலேஜ்னு எழுத மாட்டேன். ஏன்னா, இது ஒரு காலேஜ் கதை இல்லை.

‘‘வாட்ஸ்அப்ல நோட்ஸ் எல்லாம் வருதாம்மா?’’

‘‘வருதுணா. ஆனா போன் எங்கிட்ட இருக்காது. தம்பி பிளஸ் டூ. அவன் டியூஷன் முடிச்சு வந்தப்புறம் ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் என் கைக்கு வரும். அதுக்குள்ள எல்லாரும் ‘ஓகே சார்’ போட்டு முடிச்சிருப்பாங்க. அறுபது பேரு புரிஞ்சுதுன்னு போட்ட எடத்துல, நான் ஒருத்தி மட்டும் புரியலன்னு எப்படிணா போடறது?’’

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியலை. பேச்சை மாத்தலாம்னு, இப்ப என்ன பாடம் நடக்குதுன்னு கேட்டேன். கரைசல், படிகமாதல்னு சொன்னாங்க. ‘‘பி.டி.எஃப். முப்பது பக்கம்ணா. ஒண்ணுமே ஏறல.’’

‘‘அப்பா உப்பளத்துல வேலை செய்யறார்னு சொன்னியேம்மா. உப்பு எப்ப வாரணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?’’

அவ்வளவுதான். அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சாங்க பாருங்க! முதல் பாத்தியில் கடல் தண்ணி எப்படி இருக்கும், வெயிலில் அது சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்கு எப்படித் திருப்புவாங்க, தண்ணி லேசா செவந்தா அப்பா என்ன சொல்வார், மேஸ்திரி ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு ‘எத்தனை டிகிரி’ன்னு எப்படிப் பார்ப்பார், கடைசியில் மிஞ்சுற தண்ணியை ஏன் வெளியே விட்டுடணும்... பத்து நிமிஷம் நிறுத்தாம ஒரு கிளாஸ்!

‘‘இதையெல்லாம் உங்க குரூப்ல எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்!’’ன்னேன்.

அந்தப் பொண்ணு சிரிச்சுட்டாங்க. ‘‘அட்மின் மட்டும்தான்ணா போட முடியும். நாங்க பாக்கத்தான் முடியும்!’’

அந்த முப்பது பக்கம் சொன்னது என்ன?

விஷயத்துக்கு வருவோம். அந்தப் பொண்ணு சொன்னது வெறும் ஊர்க்கதை இல்லை. சிலபஸில் இருக்கிற அதே பாடம்தான்.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைஞ்சிருக்கு. உப்பளத்தில் ‘டிகிரி’ன்னா வெயிலோட சூடு இல்லை, தண்ணியோட அடர்த்தி. பாமேங்கிற அளவில் அதைச் சொல்வாங்க. மிதக்கிற அந்தக் கண்ணாடிக் குழாய்தான் ஹைட்ரோமீட்டர். கடல் தண்ணி சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் நீர் ஆவியாகி அடர்த்தி ஏறும்போது, கரைஞ்சிருக்கிற உப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வராது. குறைவாகக் கரையுற ஜிப்சம் முன்னாடியே படியும். சுமார் 25 டிகிரியில் நாம சோத்துல போடுற சோடியம் குளோரைடு படிகமாக ஆரம்பிக்கும். 30 டிகிரி பக்கம் போனா, மிச்சமிருக்கிற மெக்னீசிய உப்புகளால் தண்ணி கசக்கும். அது உப்போட சேர்ந்தா உப்பு கெட்டுடும். அதனால்தான் அதை வெளியே விடுறாங்க. பல பாத்திகள் எதுக்குன்னா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு டிகிரிக்கு!

தண்ணி செவக்கிறதுக்கும் காரணம் இருக்கு. அவ்வளவு உப்பிலும் பிழைச்சு வளருற நுண்ணுயிர்களோட நிறமி அது. அதாவது கெமிஸ்ட்ரி குரூப்பில் போட்டிருந்தா, பக்கத்து பாட்டனி, மைக்ரோபயாலஜி குரூப் வரைக்கும் போயிருக்க வேண்டிய மேட்டர்.

முப்பது பக்க பி.டி.எஃப். சொல்ல வந்ததை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பொண்ணு, அதே குரூப்பில் வாயைத் திறக்க வழியில்லாம உட்கார்ந்திருக்கு. நம்ம கல்லூரிகளில் சோஷியல் மீடியா நடக்கிற லட்சணம் இதுதான் மக்களே!

இந்த குரூப்கள் எப்படி வந்தன?

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகளை மூடினாங்க. தமிழ்நாட்டில் இறுதியாண்டு மாணவர்கள் மறுபடி வகுப்புக்குள் கால் வைக்க அந்த வருஷம் டிசம்பர் ஆயிடுச்சு. இடையில் பாடம் நடத்த ஆளுக்கொரு வழி. வீடியோ கிளாஸுக்கு நெட் இழுக்காத ஊர்களில் கைகொடுத்தது வாட்ஸ்அப்தான். கரும்பலகையை போட்டோ எடுத்துப் போட்டாங்க. பாடத்தை வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்பினாங்க. ராத்திரி சிக்னல் கிடைக்கும்போது இறக்கிக் கேட்டுக்கலாம், டேட்டாவும் கம்மி. அந்த நேரத்தில் வாத்தியார்கள் செஞ்சது பெரிய காரியம். அதை மறக்கக் கூடாது.

2021 ஜனவரியில் தமிழக அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரைக்கும் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா! உங்க அண்ணன், அக்கா யாராவது அப்ப படிச்சிருந்தா கேளுங்க. பாதி ஜிபி பாடத்துக்கு, மீதி எதுக்குன்னு அவங்களே சிரிச்சுக்கிட்டுச் சொல்வாங்க!

ஆனா டேட்டா வந்தா மட்டும் போதுமா? போன் யார் கையில் இருக்குங்கிறது இன்னொரு கதை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது ஆண்களில் 57.1 சதவீதம் பேர் ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தியிருந்தாங்க. பெண்களில் 33.3 சதவீதம்தான். அதுக்கப்புறம் நிலைமை நிச்சயம் மாறியிருக்கும். ஆனா ராத்திரி ஒம்பது மணிக்குத் தம்பிகிட்டேயிருந்து போனை வாங்குற அக்காக்கள் இன்னும் இருக்காங்க.

கல்லூரிகள் திறந்தாச்சு. குரூப்கள் அப்படியே தங்கிடுச்சு. ஆனா பாடம் அதிலிருந்து மெல்ல வெளியேறி, அது ஒரு நோட்டீஸ் போர்டு ஆயிடுச்சு. 2018இல் வாட்ஸ்அப் ஒரு வசதி கொடுத்தது. அட்மின் மட்டுமே மெசேஜ் போடுற மாதிரி குரூப்பைப் பூட்டி வைக்கலாம். மொக்கை ஃபார்வேர்டு தொல்லை தாங்காம பல பேராசிரியர்கள் பூட்டினாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அறுபது ‘ஓகே சார்’ நடுவில் ஹால் டிக்கெட் அறிவிப்பைத் தேடுறது லேசான வேலையா? அதுவும் ராத்திரி பதினொண்ணு மணிக்கு ‘சார் நாளைக்கு காலேஜ் இருக்கா?’ன்னு கேட்கிற நம்ம ஆளுங்களை வெச்சுக்கிட்டு!

ஆனா பூட்டினதில் மொக்கையோட சேர்ந்து கேள்வியும் வெளியே நின்னுடுச்சு.

படிச்சது நிக்கணும்னா...

‘பி.டி.எஃப். வந்திருச்சுல்ல, நாலு தடவை படிச்சா மனசுல நிக்காதா?’ன்னு கேட்பீங்க. இதை ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சே பார்த்திருக்காங்க. ரோடிகர், கார்ப்பிக்கேன்னு பேரு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம். 2006இல் அவங்க வெளியிட்ட சோதனை இது. ஒரு குழு ஒரு பாடத்தை நாலு முறை படிச்சது. இன்னொரு குழு ஒரே முறை படிச்சுட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூணு முறை எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்ப நாலு முறை படிச்ச குழுதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்ப? நாலு முறை படிச்சவங்களுக்கு 40 சதவீதம் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவங்களுக்கு 61 சதவீதம்!

நம்ம பரீட்சை அஞ்சு நிமிஷத்தில் வர்றதில்லையே பாஸ். அப்ப எது லாபம்?

இன்னொருத்தர் எரிக் மசூர். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். நல்லா நடத்துறார்னு மாணவர்களே பாராட்டினவர். ஆனா அடிப்படைக் கருத்தை வெச்சு எளிமையா ஒரு டெஸ்ட் கொடுத்துப் பார்த்தப்ப, கணக்கெல்லாம் போடுற பசங்களே அதில் தடுமாறுறாங்கன்னு கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் 1991 வாக்கில் கிளாஸ் நடத்துற விதத்தையே மாத்திட்டார். ஒரு கேள்வி, நாலு பதில். எல்லாரும் தனித்தனியா ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்கணும். பிறகு பக்கத்தில் இருக்கிறவங்களோட வாதாடணும். ‘ஏன் பி-ன்னு சொல்றே?’ மறுபடி ஓட்டு. ரெண்டாவது ஓட்டில் சரியான பதில் நல்லா ஏறும். நேத்துத்தான் புரிஞ்சுக்கிட்ட பையனுக்கு, எந்த இடத்தில் குழம்பும்னு வாத்தியாரைவிட நல்லாத் தெரியும். அதான் ரகசியம்!

இதைச் செய்ய ஹார்வர்டு வேண்டாம். உங்க போனே போதும். வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வசதி 2022லேயே வந்தாச்சு. ‘பாத்தியில் தண்ணி சுண்டும்போது முதலில் படியறது எது? உப்பு, ஜிப்சம், மெக்னீசியம், எல்லாம் ஒண்ணா?’ன்னு ஒரு கேள்வி போட எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரே ஒரு சிக்கல். வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் பொதுவா யார் எதுக்குப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். முதல் பெஞ்ச் எதுக்குப் போடுதுன்னு பார்த்துட்டுக் கடைசி பெஞ்ச் குத்தும்! கூச்சப்படுறவங்க ஓட்டே போட மாட்டாங்க. டெலிகிராமில் பேர் தெரியாத ஓட்டெடுப்பு இருக்கு. 2020இலிருந்து சரியான விடையைக் காட்டுற வினாடி வினா வசதியும் இருக்கு. ‘அறுபது பேர் நடுவுல நான் ஒருத்தி எப்படி?’ங்கிற கேள்விக்கு இது ஒரு நல்ல பதில். புரியாதவங்க தான் ஒருத்தி இல்லை, இருபத்தெட்டு பேர்னு அப்பத்தான் தெரியும். சாருக்கும் தெரியும்!

நம்ம ஏரியாவிலேயே ஒரு சூப்பர் உதாரணம்

‘இதெல்லாம் அமெரிக்காவுல சரி, நம்மூர்ல யாருங்க...’ன்னு இழுக்கிறவங்களுக்காக வானூருக்கே திரும்பி வர்றேன்.

கழுவேலி தெரியுமா? வானூர், மரக்காணம் ரெண்டு தாலுகாவிலும் பரந்து கிடக்கிற உவர்நீர் ஏரி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரின்னு சொல்வாங்க. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமா அரசு அறிவிச்சது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குற இடம்.

2015இலிருந்து தமிழ்நாட்டில் வருஷா வருஷம் பொங்கல் லீவில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்குது. யார் வேணும்னாலும் கலந்துக்கலாம். பதினஞ்சு நிமிஷம் ஓரிடத்தில் நின்னு, பார்த்த பறவை என்ன, எத்தனைன்னு குறிச்சு ‘இ-பேர்ட்’ தளத்தில் ஏத்தணும். 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் ஆரம்பிச்ச தளம் அது. பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்குன்னே தனியா ஒரு கணக்கெடுப்பும் உண்டு.

இதில் என்ன விசேஷம்? நீங்க ஏத்தின பட்டியலை உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளரும் பயன்படுத்தலாம். அதைவிட முக்கியம், அந்த இடத்தில் வழக்கமா இல்லாத பறவையைப் பார்த்ததா போட்டீங்கன்னா, தன்னார்வலர் ஒருத்தர் உங்களைக் கேட்பார். ‘எப்படி அடையாளம் கண்டீங்க? போட்டோ இருக்கா? கால் என்ன நிறம்?’ அப்பத்தான் நீங்க உட்கார்ந்து யோசிப்பீங்க. புத்தகம் புரட்டுவீங்க. தப்புன்னா திருத்துவீங்க. ஜுவாலஜி பாடம் அந்த இடத்தில்தான் நடக்குது!

இதே வானூர் தாலுகாவில்தான் திருவக்கரை கல்மரப் பூங்காவும் இருக்கு. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லாகிக் கிடக்கு. 1781லேயே பிரான்ஸ் நாட்டு இயற்கை ஆய்வாளர் சொன்னரா அதைப் பற்றிப் பதிவு செஞ்சிருக்கார். ஜியாலஜி, பாட்டனி படிக்கிற எந்த ஊர் மாணவருக்கும் அது ஒரு திறந்த புத்தகம். வானூர்ப் பையன் ஒருத்தன் அங்கே நின்னு ஒரு நிமிஷ வீடியோ எடுத்து, ‘இந்த வளையம் எதனால?’ன்னு ஒரு கேள்வியோட போட்டா, கோயம்புத்தூர் மாணவி பதில் சொல்லலாம். கல்லூரி சுவரைத் தாண்டிப் போறதுதானே சோஷியல் மீடியாவோட வேலையே?

இந்த ரெண்டுக்கும் நம்ம ‘அஃபீஷியல்’ குரூப்புக்கும் என்ன வித்தியாசம்னு கவனிங்க. இங்கே மாணவர் வாங்கிக்கிறவர் மட்டும் இல்லை, கொடுக்கிறவரும்கூட.

எச்சரிக்கையும் வேணும்!

எல்லாம் ஆஹா ஓஹோன்னு சொல்ல மாட்டேன். பிரச்னைகளும் இருக்கு.

ஒண்ணு, போன் நம்பர். அறுபது பேர் குரூப்பில் சேர்ந்தா அறுபது பேர் கையிலும் உங்க நம்பர். பாடம் கேட்டு மெசேஜ் வந்தா சரி. ‘ஹாய்... சாப்டியா?’ன்னு முன்பின் தெரியாத சீனியர்கிட்டேயிருந்து வந்தா? பல பொண்ணுங்க குரூப்பில் பேசாம இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். டெலிகிராமில் நம்பரை மறைச்சு வைக்கலாம். அதைவிட, ‘குரூப்பிலிருந்து நம்பர் எடுத்துத் தொல்லை பண்ணினா நடவடிக்கை’ன்னு முதல் நாளே துறைத்தலைவர் சொல்லிடணும்.

ரெண்டு, பொய்ச் செய்தி. ‘நாளை தேர்வு ஒத்திவைப்பு’ன்னு ஒரு டூப்ளிகேட் சர்க்குலர் வரும். நம்பித் தூங்கினவன் அரியர் வைப்பான். கல்லூரி, பல்கலைக்கழக தளத்தில் பார்க்காம எதையும் ஃபார்வேர்டு பண்ணாதீங்க.

மூணு, போன் எப்பவும் வேலை செய்யும்னு நம்பக் கூடாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கா? மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. கரன்ட் போய், டவர் போய், போன் வெறும் டப்பாவாகிற நாளும் வரும். அதனால, குரூப்பில் போட்டது வகுப்புக் கரும்பலகையிலும் இருக்கணும். ‘குரூப்ல போட்டேனே, பாக்கலையா?’ங்கிறது போன் இல்லாத பிள்ளைக்கு ஒரு தண்டனை.

நாலு, வாத்தியாருக்கும் வீடு, குடும்பம், தூக்கம் எல்லாம் உண்டு! அதிலும் கௌரவ விரிவுரையாளர்கள் பலர், குறைஞ்ச சம்பளத்தில் ரெண்டு மூணு வேலை பார்க்கிறாங்க. இருபத்திநாலு மணி நேரமும் பதில் எதிர்பார்க்கிறது அநியாயம்.

சரி, என்னதான் செய்யலாம்?

* நோட்டீஸுக்கு ஒரு குரூப், பாடத்துக்கு ஒரு குரூப்னு பிரிங்க. முதலாவது பூட்டியே இருக்கட்டும். ரெண்டாவதுல குட்மார்னிங் கூடாது, ‘ஓகே சார்’ கூடாது. கேள்வியும் பதிலும் மட்டும்.

* தினமும் ஒரு குறிப்பிட்ட நேரம் வைங்க. உதாரணமா, ராத்திரி ஒம்பதிலிருந்து மறுநாள் காலை ஒம்பது வரை யார் வேணும்னாலும் கேள்வி போடலாம். சார் காலையில் பார்த்தா போதும். போன் லேட்டா கைக்கு வர்றவங்களுக்கும் வாய்ப்பு.

* கேள்விக்கு முதல் பதிலை சார் சொல்லக் கூடாது. மாணவர்கள் சொல்லணும். தப்பா சொன்னாலும் கலாய்க்கக் கூடாது. கலாய்க்கிறதுக்குத்தான் ‘அன்அஃபீஷியல்’ இருக்கே!

* முப்பது பக்க பி.டி.எஃப். அனுப்புற சார், கூடவே மூணு கேள்வி அனுப்பட்டும். ‘இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிங்க’ன்னு சொல்லட்டும்.

* வாரம் ஒரு முறை, பாடம் சம்பந்தமா உங்க ஊரிலிருந்து ஒரு போட்டோ. உப்பளம், கல் குவாரி, முந்திரித் தோப்பு, மீன் ஏலம், சவுக்குத் தோப்பு எதுவானாலும். ‘இதில் நம்ம பாடம் எங்கே இருக்கு?’ன்னு ஒரே ஒரு வரி.

* தமிழில் எழுதுங்க. இங்கிலீஷ்ல கேட்கணுமேன்னு பயந்தே பாதிக் கேள்வி செத்துப் போகுது. வாய்ஸ் மெசேஜா பேசினாலும் சரி.

இதுக்கெல்லாம் சர்க்குலர் வேண்டாம். ஒரு நல்ல வாத்தியாரும், கூச்சத்தை விட்ட நாலு பசங்களும் போதும்.

கடைசியா ஒரு மெசேஜ்

அன்னைக்கு பஸ் வந்தது. ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொன்னேன். ‘‘குரூப் பூட்டியிருந்தா என்னம்மா? என்கிட்ட சொன்னதை அப்படியே ஒரு வாய்ஸ் மெசேஜா பேசி சாருக்குத் தனியா அனுப்பு. அப்பாகிட்ட கேட்டு, மேஸ்திரி டிகிரி பாக்குறப்ப ஒரு போட்டோவும் எடுத்துக்கோ.’’ ‘‘சார் திட்டுவாருணா’’ன்னாங்க. ‘‘திட்டினா என் நம்பருக்குப் போடு, நான் பேசறேன்’’னு கொடுத்துட்டு வந்தேன்.

நாலு நாள் கழிச்சு, ராத்திரி ஒம்பதே கால். தெரியாத நம்பர். பேர் இருக்கிற இடத்தில் ஏதோ ஒரு கிரிக்கெட் வீரர் படம். தம்பியோட போன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

‘‘அண்ணா, சார் திட்டல. என் வாய்ஸை குரூப்ல போட்டுட்டாரு. இன்னைக்கு ஒரு மணி நேரம் குரூப்பைத் திறந்தும் விட்டாரு. பதினோரு பேரு என்னைக் கேள்வி கேட்டாங்க. ஒருத்தன், வெளிய விடுற கசப்புத் தண்ணியிலேருந்து மெக்னீசியம் எடுக்க முடியுமான்னு கேட்டான். சாரும், ‘நீயே சொல்லும்மா’ன்னுட்டாரு. எனக்குத் தெரியல. அப்பா காலைல மூணு மணிக்கே அளத்துக்குப் போயிடுவாரு. அதுக்குள்ள எழுப்பிக் கேக்கணும்.’’

கெமிஸ்ட்ரி படிக்கிற மக்களே... அந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியுமா? தெரிஞ்சா உங்க குரூப்பில் போடுங்க. தெரியலைன்னா, அதையும் போடுங்க!

அடுத்த வாரம் பார்ப்போம். டாட்டா!